பதினைந்தாவது பெயர்

மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் கல்லூரியில் யாரும் பேராசிரியர் கிடையாது. எல்லோரும் பிள்ளை பிடிக்கிறவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளே ஆளுக்கு நாலு ஊர் என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். கல்லூரி நோட்டீஸ் ஒரு கட்டு, பள்ளிக்கூடங்களில் கெஞ்சி வாங்கிய மார்க் பட்டியல், ஒரு தண்ணீர் பாட்டில். போன வருடம் வரைக்கும் இதை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினோம். நான் முனைவர் பட்டம் வாங்கிய அன்று என் அப்பா தெரு முழுக்க லட்டு கொடுத்தார். இதையெல்லாம் பார்க்காமல் அவர் போய்ச் சேர்ந்தது நல்லதுதான்.

என் பெயர் விஜி. உத்தமபாளையத்துக்கும் சின்னமனூருக்கும் நடுவில் மெயின் ரோட்டை ஒட்டியிருக்கிற ஒரு தனியார் மகளிர் கல்லூரியில் தமிழ்த்துறையில் வேலை பார்க்கிறேன். பதினாறு வருடம் ஆகிறது. நான் சேர்ந்த வருடம் பி.ஏ. தமிழ் முதலாண்டில் ஐம்பத்திரண்டு பேர். பெஞ்சு போதாமல் கணக்குத் துறையிலிருந்து இரவல் வாங்கிப் போட்டோம். அப்புறம் முப்பது, இருபத்தெட்டு, பத்தொன்பது என்று இறங்கிக்கொண்டே போனது. துறையில் ஏழு பேராக இருந்த நாங்கள் இரண்டு பேரானோம். நானும் மெஹராஜும். அவள் கம்பத்துக்காரி, என்னைவிட மூன்று வயது சின்னவள், மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

போன வருடம் மே மாதக் கூட்டத்தில் செக்ரட்டரி நாகராஜ் எங்கள் இருவரையும் கடைசியாக நிற்கவைத்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை. டீ ஆறிவிடும், குடியுங்கள் என்று சொல்கிற அதே குரலில் சொன்னார். செப்டம்பர் முப்பதாம் தேதி பல்கலைக்கழகத்துக்குப் போகும் பட்டியலில் முதலாண்டுத் தமிழுக்குப் பதினைந்து பெயர் இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் துறையை நடத்த முடியாது. மெஹராஜ் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வயது நாற்பத்தாறு. இந்த வயதில் வேறு எந்தக் கல்லூரி வாசலில் போய் நிற்பது?

வீரபாண்டித் திருவிழா எட்டு நாளும் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. மீதி வீட்டில் உட்காரச் சொன்னார்கள், மோர் கொடுத்தார்கள், நோட்டீஸை வாங்கிப் புரட்டினார்கள், தமிழ் என்றதும் மடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் ஓர் அம்மாள் என்னைப் பாவமாகப் பார்த்து, "எங்க வீட்ல எல்லாருக்கும் தமிழ் தெரியும் டீச்சர்" என்றாள். கிண்டலெல்லாம் இல்லை, உண்மையாகவே ஆறுதலாகச் சொன்னாள். கணினித் துறைப் பெண்கள் ஆளுக்கு நாற்பது பேரைச் சேர்த்துவிட்டு ஃபேனுக்குக் கீழே காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் ராயப்பன்பட்டி வெயிலில் செருப்பு அறுந்து நின்றேன்.

ஜூன் கடைசியில் எங்களுக்குப் பதினான்கு பேர் தேறினார்கள். வேறு எங்கும் இடம் கிடைக்காதவர்கள் ஆறு பேர். கல்யாணம் கூடிவருகிற வரைக்கும் வீட்டில் சும்மா இருக்க வேண்டாம் என்று அனுப்பப்பட்டவர்கள் ஐந்து பேர். அக்காளோ தங்கச்சியோ இதே கல்லூரியில் இருப்பதால் பஸ்ஸுக்குத் துணையாக வந்தவர்கள் மூன்று பேர். சங்கப் பாட்டுக்காக ஒருத்தியும் வரவில்லை. நான் அதை எதிர்பார்ப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது.

பதினைந்தாவதாக வந்தவள் அபிதா. அனுமந்தன்பட்டிப் பெண். அப்பா சீனிச்சாமி திராட்சைத் தோட்டங்களில் கொடியைக் கவாத்து வெட்டுகிறவர். அம்மா முத்துப்பேச்சி அதே தோட்டங்களில் பழம் பறிக்கப் போகிறவர். அபிதா அரசு நர்சிங் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். நல்ல மார்க். ஆனால் அந்தப் பட்டியல் செப்டம்பரில்தான் வரும். அதுவரை வீட்டில் உட்கார்ந்திருக்கிற பெண்ணை வந்து சேர்க்கச் சொல்லி நான்தான் கேட்டேன். நர்சிங் கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்று சீனிச்சாமி தயங்கினார். அன்றைக்கே நானே முன்னால் நின்று டி.சி. வாங்கித் தருகிறேன் என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அப்போது நான் பொய் சொல்லவில்லை. செப்டம்பர் முப்பதுக்குள் இன்னொருத்தி கிடைக்காமலா போய்விடுவாள் என்று நினைத்திருந்தேன்.

மற்ற துறைகளில் சார், மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழ்த்துறையில் ஐயா, அம்மா. ஐயா என்று கூப்பிட ஆளில்லாமல் போய் ஆறு வருடமாகிறது. முதல் வாரமே அபிதா டீச்சரை விட்டு அம்மாவுக்கு மாறிவிட்டாள். இரண்டாவது பெஞ்சில் ஜன்னலோரம் உட்காருவாள். கேள்வி கேட்பதற்கு முன்னால் பேனா மூடியைக் கழற்றி மாட்டுவாள். ஜூலையில் ஒரு நாள் அகப்பாட்டு நடத்திக்கொண்டிருந்தேன். தலைவி பேசுவதைவிட அவளுக்காகத் தோழி பேசுவதே அதிகம், தலைவனை எச்சரிப்பது, தாயிடம் மறைப்பது, கல்யாணத்துக்கு வழி செய்வது எல்லாம் தோழிதான் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிக்கொண்டு போனேன். மூடி கழன்று மாட்டியது.

"தோழிக்குக் கல்யாணம் ஆச்சாம்மா?" என்றாள்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. என் ஆய்வேடு தோழியின் பேச்சைப் பற்றியது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். தோழி எத்தனை இடத்தில் பேசுகிறாள், என்னென்ன சொல்லி வாதாடுகிறாள் என்று வகை பிரித்து அட்டவணை போட்டிருக்கிறேன். அவளுக்கு ஒரு வாழ்க்கை இருந்ததா என்று ஒரு வரி கூட யோசித்ததில்லை. பாட்டு எழுதியவர்களும் யோசிக்கவில்லை, என் ஆய்வேட்டை மதிப்பிட்டுப் பட்டம் கொடுத்தவர்களும் யோசிக்கவில்லை. எனக்குத் தெரியவில்லை, எந்தப் பாட்டிலும் நான் பார்த்ததில்லை என்று உண்மையைச் சொன்னேன். அன்று பஸ்ஸில் சின்னமனூர் போய் இறங்குகிறவரைக்கும் அதே நினைப்பாக இருந்தது.

மறுநாள் அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். தோழி பேசுவதாக நாலு வரி எழுதியிருந்தாள்.

உன் சேதியெல்லாம் நான்தான் சொன்னேன்.
மலைப்பாதை நெடுக என் கால்தடம்.
உன் கல்யாணத்தில் எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள்,
வருகிறவர்களுக்குச் சந்தனம்.

நான் அதை மெஹராஜிடம் காட்டினேன். அவள் இரண்டு தடவை படித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நம்ம ரெண்டு பேரையும் பற்றித்தான் எழுதியிருக்கு இந்தப் பிள்ளை என்றாள். அந்த ஆவணியும் புரட்டாசியும் நான் சந்தோஷமாக இருந்தேன். இதை வெளிப்படையாகவே சொல்கிறேன். பஸ்ஸில் ஏறும்போதே இன்றைக்கு எந்தப் பாட்டு என்று யோசித்துக்கொண்டு ஏறினேன். தேர்வுக்கு வராத பாட்டுகளை நடத்தினேன். பாடத்திட்டத்தில் பழைய பாட்டுக்கு ஒதுக்கியிருப்பது ஒரு பகுதி, அதிலும் ஒரு வரி வினாதான் வரும், அபிதா கேட்டதெல்லாம் ஐந்து மார்க்குக்கும் அடங்காத கேள்விகள். பஸ்ஸுக்குத் துணையாக வந்த மூன்று பேர் கூட நிமிர்ந்து உட்கார ஆரம்பித்தார்கள்.

செப்டம்பர் இருபத்தாறாம் தேதி பதினொரு மணிக்கு சீனிச்சாமி துறை வாசலில் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, முழங்கையில் கவாத்துக் கத்தி கிழித்த பழைய தழும்பு, கையில் பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு தாள். அபிதாவும் கூட வந்தாள். நர்சிங் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. முப்பதாம் தேதிக்குள் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளோடு போய்ச் சேர வேண்டும். சர்டிபிகேட்டுகள் எங்கள் ஆபீஸ் பீரோவில் இருந்தன. டி.சி. படிவத்தில் முதல் கையெழுத்து துறைத்தலைவர் போட வேண்டும். துறைத்தலைவர் நான்.

அவர் படிவத்தை நீட்டவில்லை. அதுதான் என்னைக் கெடுத்தது. நீட்டியிருந்தால் போட்டிருப்பேன். அவர் யோசனை கேட்டார்.

"இங்கன சேந்ததுலருந்து வீட்ல பாட்டும் படிப்புமாத்தேன் இருக்கா டீச்சர். நர்சுக்குப் போறதா, இங்கனயே இருக்கறதான்னு அவளுக்கே தெரியல. எங்களுக்கு என்ன தெரியும். நீங்க சொன்னீகன்னா சரியாத்தேன் இருக்கும்."

மெஹராஜ் தன் மேசையிலிருந்து எழுந்து வந்து, அரசு நர்சிங் சீட்டு ஐயா, யோசிக்கவே வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தாள். நான் அவளைப் பேசவிடவில்லை. அரை மணி நேரம் நானே பேசினேன். ஊசி போட ஆயிரம் பேர் இருக்கிறார்கள், இவளைப் போலப் பாட்டைப் படிக்க ஆளில்லை என்றேன். பி.ஏ. முடிக்கட்டும், எம்.ஏ. படிக்கட்டும், ஆராய்ச்சி செய்யட்டும், ஒரு நாள் இந்த நாற்காலியில் வந்து உட்காருவாள் என்றேன். மூன்று வருடமும் நான் கூடவே இருப்பேன் என்றேன். சொன்னதெல்லாம் என் மனதில் இருந்ததுதான். பட்டியல் போக இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது என்பதும் அதே மனதில்தான் இருந்தது. அன்று எது எதைப் பேசவைத்தது என்று இன்று வரைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சீனிச்சாமி மகளைப் பார்த்தார். அபிதா என்னைப் பார்த்தாள்.

"அம்மா இருன்னு சொன்னா இருக்கேன்" என்றாள்.

"இரு" என்றேன்.

அவர் தாளைக் கவருக்குள் போட்டு நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். போகும்போதும் கும்பிட்டார். மெஹராஜ் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே, "அந்தப் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீதேன் பொறுப்பு, சொல்லிட்டேன்" என்றாள். முப்பதாம் தேதி பட்டியல் போனது. பதினைந்து பெயர். அகர வரிசையில் அபிதா முதலில் இருந்தாள்.

ஐப்பசியில் ஒருத்தி கல்யாணம் ஆகி நின்றுவிட்டாள். இன்னொருத்தி திருப்பூருக்கு மில் வேலைக்குப் போனாள். ஆனால் அதனால் ஒன்றும் ஆகவில்லை. பதினைந்தும் இருந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். பொங்கல் முடிந்து கல்லூரி திறந்த அன்று செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அடுத்த வருடம் செயற்கை நுண்ணறிவுப் படிப்பு வருகிறது, மேல்மாடி முழுக்க லேப் ஆகிறது, தமிழ் மேஜரை இந்த வருடத்தோடு நிறுத்துகிறோம் என்றார். இரண்டாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் முடித்துவிட்டுப் போகலாம். முதலாண்டுப் பிள்ளைகள் இந்த செமஸ்டரே பி.காம். சி.ஏ.வுக்கு மாறிக்கொள்ளலாம், முடியாதென்றால் டி.சி. வாங்கிக்கொள்ளலாம். பதினைந்து பேர் இருந்தால் நடத்துவதாகச் சொன்னீர்களே என்று கேட்டேன். உங்கள் முயற்சியை நான் ரொம்ப மதிக்கிறேன் டாக்டர் என்றார்.

எனக்கும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். எல்லாத் துறைப் பிள்ளைகளுக்கும் முதல் இரண்டு வருடம் பொதுத் தமிழ் உண்டு. அதை நான் நடத்தலாம். கூடவே அட்மிஷன் பொறுப்பும் பார்த்துக்கொள்ளலாம், ஊர் ஊராகப் போன அனுபவம் இருக்கிறதே என்றார். நான் கத்தியிருக்க வேண்டும். ராஜினாமாக் கடிதத்தை மேசையில் வீசியிருக்க வேண்டும். சரி சார் என்றேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தபோது, முதலில் வந்தது என் வேலை போகவில்லை என்ற நிம்மதிதான். என்னை நானே வெறுத்ததெல்லாம் அதற்கு அப்புறம்.

வகுப்பில் அதைச் சொல்லும் வேலையையும் எனக்கே கொடுத்தார்கள். பதின்மூன்று பெண்கள் இருந்தார்கள். பாதிப் பேருக்கு வருத்தமே இல்லை. பி.காம். என்றால் வீட்டில் சந்தோஷப்படுவார்கள் என்று ஒருத்தி சொன்னாள். அபிதா பேனா மூடியைத் தொடவில்லை. எல்லோரும் எழுந்து போன பிறகு மேசைக்கு வந்தாள். அழுவாள், திட்டுவாள், ஏதாவது கேட்பாள் என்று நான் தயாராக நின்றேன்.

"மூணாவது யூனிட்ல ஒரு பாட்டு பாக்கியிருக்கும்மா. அத மட்டும் நடத்திருவீகளா?"

நாளைக்கு நடத்துகிறேன் என்றேன். மறுநாள் காலையில் அந்த அறையில் ஆட்கள் ஏறி வயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். பெஞ்சுகளை வராந்தாவில் அடுக்கியிருந்தார்கள். பிள்ளைகளை வணிகவியல் துறைக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். அந்தப் பாட்டை நான் நடத்தவே இல்லை.

அபிதா பி.காம். வகுப்பில் மூன்று வாரம் உட்கார்ந்தாள். ஒரு செமஸ்டர் கணக்குப் பாடத்தை அவர்கள் முடித்திருந்தார்கள், இவளுக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. மாசி மாதம் சீனிச்சாமி டி.சி. வாங்க வந்தார். அவர் கேட்டைத் தாண்டி வருவதை நான் மாடியிலிருந்து பார்த்தேன். நேராக நூலகத்துக்குப் போய்க் கடைசி அலமாரிக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நின்றேன். ஆம், ஒளிந்தேன். அவர் துறைக்கு வந்து கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, டீச்சர்கிட்ட வந்துட்டுப் போனேன்னு சொல்லுங்க என்று மெஹராஜிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். என் மேசையில் ஒரு பை நிறைய பன்னீர் திராட்சை இருந்தது. திட்டிவிட்டுப் போயிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. ஒரு பழத்தைக் கூட என்னால் வாயில் வைக்க முடியவில்லை. மெஹராஜ் அதை எடுத்துக்கொண்டு போய் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

இந்த வருடம் மே மாதமும் வந்தது. இப்போது யாரும் வீடு வீடாகப் போவதில்லை. எல்லா விண்ணப்பமும் ஆன்லைன் என்றாகிவிட்டது, கூட்டமெல்லாம் பிரவுசிங் சென்டர்களில்தான். அங்கே போய் நோட்டீஸை வைத்துவிட்டு, கடைக்காரர்களைப் பழக்கம் பிடித்துவிட்டு வர வேண்டும் என்று செக்ரட்டரி சொன்னார். உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நத்தர்ஷா என்பவரின் சென்டர்தான் பெரியது. காலை பத்து மணிக்கே வாசலில் முப்பது பேர் டோக்கன் வாங்கிக்கொண்டு நின்றார்கள். நான் நோட்டீஸ் கட்டோடு உள்ளே நுழைந்தேன். மூன்று கம்ப்யூட்டர். நடுவில் இருந்ததில் அபிதா உட்கார்ந்திருந்தாள்.

திரும்பிப் போய்விடலாம் என்றுதான் தோன்றியது. அதற்குள் பார்த்துவிட்டாள். எழுந்து, "வாங்கம்மா" என்றாள். பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் மெலிந்திருந்தாள். பங்குனியிலிருந்து இங்கே வேலை பார்ப்பதாகச் சொன்னாள். நர்சிங்குக்கு இந்த வருடம் மறுபடியும் போடுவதாகவும், போன வருடத்தைவிடப் போட்டி அதிகம், வந்தால் பார்க்கலாம் என்றும் சொன்னாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொல்வார் என்றாள். அதற்குள் அவள் முன்னால் ஒரு பெண்ணும் அப்பாவும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் பாண்டிமீனா. அப்பா மலைச்சாமி, வாழை விவசாயி. அரசுக் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம். அபிதா பெயர், பிறந்த தேதி, மார்க் எல்லாம் மளமளவென்று ஏற்றினாள். விருப்பப் பாடம் என்ற இடம் வந்ததும் அந்தப் பெண் மெதுவாகத் தமிழ் என்றாள். மலைச்சாமி அவளை முறைத்தார். பி.காம். போடும்மா, அது பாட்டுக்கு உளறுது என்றார். பெண் மறுபடியும் தமிழ் என்றாள். தமிழில் தொண்ணூற்றேழு மார்க். இருவரும் மாறி மாறிச் சொல்ல, பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் ஆகட்டும் என்று முனக ஆரம்பித்தார்கள். அபிதா மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"அண்ணே, இவுக தமிழ் புரொபசர். என்னோட அம்மா. இவுககிட்ட கேளுங்க" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "கவர்மெண்ட் காலேஜ்மா. அங்கன மூடமாட்டாக. தமிழ் போடவா?"

அவள் கண்ணில் ஆசை இருந்தது. அதை நான் நன்றாகவே பார்த்தேன். நான் போடு என்று சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள். மலைச்சாமியும் எழுந்து, கையை மார்புக்கு நேரே கட்டிக்கொண்டு, நீங்களே சொல்லுங்க டீச்சர், நீங்க சொன்னா சரி என்றார். சீனிச்சாமி நின்ற அதே நிலை. இன்னொரு பெண்ணை, இன்னொரு அப்பாவைத் தலையில் தூக்கிக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை. அரசுக் கல்லூரி மூடாது, இந்தப் பெண் நன்றாகப் படிப்பாள், அதெல்லாம் எனக்கும் தெரியும். இருந்தும் பயம்தான் பேசியது.

"வேணாம். பி.காம். போடு" என்றேன்.

பாண்டிமீனா தலையைக் குனிந்துகொண்டாள். மலைச்சாமிக்கு ஒரே சந்தோஷம், பாத்தியா, டீச்சரே சொல்லிட்டாக என்று மகளின் தோளைத் தட்டினார். துறை மூடியபோது வராத, கணக்குப் புரியாமல் தவித்தபோதும் வராத வலி இப்போது அபிதாவின் முகத்தில் வந்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு பி.காம். என்பதைத் தேர்ந்தெடுத்தாள். படிவத்தை அச்சுக்குக் கொடுத்தாள். பிரிண்டர் ஓடுகிற சத்தத்தில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அப்ப எனக்கு மட்டும் ஏம்மா இருன்னு சொன்னீக?"

வகுப்பில் கேட்பது போலத்தான் கேட்டாள். தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை என்று எட்டு மாதமாக என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

"பதினஞ்சு பேர் வேணும்னு இருந்துச்சு அபிதா" என்றேன். "பதினாலு பேர்தான் இருந்தாங்க."

அவள் தாளை எடுத்து ஓரத்தைச் சமன் செய்து பாண்டிமீனாவிடம் கொடுத்தாள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டினாள். நான் சொன்னது பாதிதான். பதினாறு வருடத்தில் அவளைப் போல ஒருத்தி என் வகுப்புக்கு வந்ததில்லை, அவள் போய்விட்டால் நான் யாருக்குப் பாட்டு நடத்துவது என்று பயந்தேன் என்பது மீதிப் பாதி. அதையும் சொல்லிவிட வாயைத் திறந்தேன்.

அபிதா என்னைத் தாண்டி வாசலைப் பார்த்து, அடுத்த டோக்கன் யாரு, உள்ள வாங்க என்றாள்.